ஒரு பிளாக், மூன்று விண்ணப்பங்கள்

சென்ற மாத இறுதியில் எங்கள் கருவிக்கூடத்துக்கு ஒரே பாரஃபின் பிளாக்கின் பேரில் மூன்று விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. மார்பகக் கட்டியிலிருந்து ஊசி வழியே எடுக்கப்பட்ட திசு அது; ஒன்றரை சென்டிமீட்டர் நீளச் சேமியாத் துண்டு ஒன்றை மெழுகுக்குள் புதைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரு குழு, புரதங்களை ஆன்டிபாடி கொண்டு நிறமேற்றிப் பார்க்க ஐந்து ஸ்லைடுகள் கேட்டது. இன்னொரு குழு, டிஎன்ஏ பிரித்தெடுக்க எட்டுச் சுருள்கள் (சற்றுத் தடிமனாக வெட்டிய, சுருண்ட சீவல்கள்) கேட்டது. மூன்றாவது குழுவுக்கு, ஹெர்2 மரபணு எத்தனை படிகளாகப் பெருகியிருக்கிறது என்று ஒளிரும் சாயத்தால் எண்ணிப் பார்க்க மூன்று ஸ்லைடுகள் வேண்டியிருந்தன. மூவரும் தத்தமக்கு வசதியான மூன்று வெவ்வேறு நாள்களில், பிளாக்கை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவியான மைக்ரோடோமை முன்பதிவு செய்திருந்தார்கள். நான் மூன்று பதிவுகளையும் ரத்து செய்துவிட்டு, ஒரே ஒரு காலைப் பொழுதைக் குறித்துக் கொடுத்தேன். அன்று மாலைக்குள் இரண்டு தொலைபேசி அழைப்புகளும் சற்றுக் காரமான ஒரு மின்னஞ்சலும் வந்தன. அவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பொதுக் கருவிக்கூடம் எதற்கு என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது பணத்தைத்தான். அது பொய்யுமல்ல. 1970களில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியபோதும் (சென்னை ஐஐடியில் அமைந்தது அவற்றுள் ஒன்று), அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளை நாடெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பார்த்து முன்பதிவு செய்துகொள்ள 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் இணையதளம் திறக்கப்பட்டபோதும் முன்வைக்கப்பட்ட நியாயம் இதுவே: விலையுயர்ந்த கருவியை ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, ஓரிடத்தில் வாங்கிப் பலர் பயன்படுத்துவது மேல். வேதியியலாருக்கும் இயற்பியலாருக்கும் இந்த நியாயமே போதும். அவர்கள் கொண்டுவரும் கரைசல் கொட்டிப்போனால் மறுநாள் மறுபடியும் தயாரித்துக்கொள்ளலாம். ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து, சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுக்கப்பட்ட திசுவை யாரும் மறுபடி தயாரிக்க முடியாது. ஆகவே எங்கள் துறையில் பொதுக் கருவி முதலில் மிச்சப்படுத்த வேண்டியது பணத்தை அல்ல, திசுவை என்பது என் கட்சி. இதை விண்ணப்பப் படிவத்தில் எழுதினால் நிதிக்குழுவினர் புரியாமல் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மைக்ரோடோமில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே விளங்கும். பிளாக்கைப் பிடியில் பொருத்தியதும், அதன் முகமும் பிளேடின் விளிம்பும் இம்மியும் பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். ஒருமுறை வெட்டிக் கழற்றிய பிளாக்கை அதே கருவியில் அதே கை மறுபடியும் பொருத்தினால்கூடப் பழைய கோணம் அப்படியே அமைவதில்லை. வேறு கருவி, வேறு கை என்றால் கேட்கவே வேண்டாம். முகத்தின் ஒரு மூலை மட்டும் பிளேடில் படும். முழு முகமும் சமமாகப் படும்வரை மெழுகோடு திசுவையும் சீவிச் சீவிக் கீழே தள்ளத்தான் வேண்டியிருக்கிறது. இதை டிரிம்மிங் என்கிறோம். அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட பெரிய துண்டில் இந்த இழப்பு யாருக்கும் உறைப்பதில்லை. ஊசித் திசுவில் அது சொத்துக் கணக்கு.

அந்தப் பிளாக்கையே எடுத்துக்கொள்வோம். நோயறிதலுக்காக மருத்துவமனையில் வெட்டியது போக, கண்ணால் மதிப்பிட்டதில் அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான் ஆழத்துக்குத் திசு மீந்திருந்தது. ஸ்லைடுக்கான செக்‌ஷன் (மெல்லிய திசுச் சீவல்) ஒன்றின் தடிமன் 4 மைக்ரான். டிஎன்ஏவுக்கான சுருள் ஒவ்வொன்றும் 10 மைக்ரான். மூன்று குழுக்களும் கேட்டதைக் கூட்டினால் 20, 80, 12 ஆக மொத்தம் 112 மைக்ரான். ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் டிரிம்மிங்கில் 80 மைக்ரான் போகிறது என்றும், வெட்டிய இடத்தில் கட்டிதான் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு குழுவும் ஹெமடாக்ஸிலின்-ஈயோசின் என்ற வழக்கமான சாயங்களால் நிறமேற்றிய ஒரு சரிபார்ப்பு ஸ்லைடு எடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், தனித்தனியே வெட்டுவதற்கு 364 மைக்ரான் செலவாகும். ஒரே அமர்வில், ஒரே டிரிம்மிங்கில், முதலிலும் முடிவிலும் மட்டும் சரிபார்ப்பு ஸ்லைடு எடுத்தால் 200 மைக்ரானில் வேலை முடிந்துவிடும். மிச்சம் 136 மைக்ரானா, 300 மைக்ரானா என்பதுதான் கேள்வி. ஊசித் திசு உருளை வடிவமானது என்பதால், பாதியைத் தாண்டி உள்ளே போகப் போக அதன் அகலமும் குறைந்துகொண்டே வரும். கடைசி 136 மைக்ரானில் கிடைப்பது பெயரளவுக்கு ஒரு கீற்றுதான். அந்த நோயாளிக்கு மூன்று ஆண்டுகள் கழித்து நோய் திரும்பினால், புதிய மருந்து ஒன்று பொருந்துமா என்று பார்க்க மருத்துவர் முதலில் கேட்கப்போவது இந்தப் பிளாக்கைத்தான். ஆய்வுக்கு எழுத்துப்பூர்வமான சம்மதமும் அறநெறிக் குழுவின் அனுமதியும் இருக்கலாம். அவை இருப்பதனால் கடைசிக் கீற்றுவரை வழித்தெடுத்துக்கொள்ள நமக்கு உரிமை வந்துவிடுவதில்லை.

இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், அப்போது பணிபுரிந்த இடத்தில், நுரையீரல் ஊசித் திசு ஒன்றை வெட்டக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் கருவியில் இருந்தவர் பெரிய பிளாக் ஒன்றுக்காகப் பிடியின் கோணத்தைத் திருகிச் சாய்த்திருந்தார். டிரிம்மிங் தடிமனை 20 மைக்ரானுக்கு ஏற்றியும் வைத்திருந்தார். இரண்டையும் பழைய நிலைக்குத் திருப்பவில்லை, பதிவேட்டிலும் எழுதவில்லை. அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. உட்கார்ந்ததும் அளவைப் பார்க்க வேண்டியது என் வேலை. பார்க்காமல் சக்கரத்தைச் சுழற்றினேன். ஏழாவது சுற்றில்தான் பிளேடின்மேல் மெழுகுச் சீவலோடு வெளிர்பழுப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டேன். திசுவின் இடதுபாதி பிளேடில் கிடந்தது, வலதுபாதியை இன்னும் தொடக்கூட இல்லை. 140 மைக்ரான், பத்து விநாடிகூட ஆகியிருக்காது. பிளாக்கை அனுப்பிய நோய்க்கூறு மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் திட்டவில்லை, "மிச்சம் எவ்வளவும்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை பிளாக்கைப் பொருத்தியதும் சக்கரத்தில் கை வைப்பதற்குமுன் அந்தக் குரல் ஒருமுறை காதில் விழுகிறது.

இப்போது எங்கள் மைக்ரோடோம் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் நீளவாட்டுப் பதிவேட்டில், பெயர், நேரம், பிளாக் எண் ஆகியவற்றுக்குப் பிறகு மூன்று கட்டங்கள் இருக்கின்றன: கோணம் பூஜ்யத்துக்குத் திரும்பியதா, தடிமன் 4க்குத் திரும்பியதா, பிளேடை மாற்றியாயிற்றா. கணினியில் முன்பதிவு முறை வந்த பிறகு இந்தப் பதிவேட்டை எடுத்துவிடலாம் என்று பலமுறை ஆலோசனை வந்தது. யார் எந்த நேரத்துக்கு வருவார் என்பதைக் கணினி சொல்லும். வந்தவர் கருவியை எந்த நிலையில் விட்டுப்போனார் என்பதைப் பதிவேடுதான் சொல்கிறது.

பலர் புழங்கும் இடத்தில் திசு வீணாவது ஒரு கவலை என்றால், திசு கலந்துவிடுவது இன்னொன்று. வெட்டிய செக்‌ஷன்கள் ரிப்பனாகக் கோத்து வரும். அவற்றை 40 முதல் 45 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் ஏந்தி எடுப்போம். முந்தியவர் வெட்டிய பெருங்குடல் திசுவின் ஒரு துணுக்கு அந்த நீரில் மிதந்துகொண்டிருந்தால், அது சத்தமில்லாமல் இந்த மார்பகத் திசுவின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். மிதவை என்று எங்களுக்குள் சொல்வோம். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவருக்கு அனுபவம் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். டிஎன்ஏ எடுக்கும் குழாய்க்குள் போய்விட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, முந்தைய நோயாளியின் மரபணு மாற்றம் இவருடைய கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு பிளாக்குக்கும் இடையில் மெல்லிய காகிதத்தால் நீரின் முகத்தை ஒருமுறை இழுத்துத் துடைப்பதும், டிஎன்ஏ சுருள் எடுக்குமுன் புதுப் பிளேடு போடுவதும் இதற்காகத்தான். புதிதாக வரும் மாணவர்கள் இதை அதீத ஆசாரம் என்று நினைக்கிறார்கள். இருக்கட்டும்.

உறைந்த திசுவை வெட்டும் கிரையோஸ்டாட்டில் ஆசாரம் இன்னும் கூடுதல். பார்மலினில் பதப்படாத திசு அது. காசநோய்க் கிருமி இருந்தால் உயிரோடுதான் இருக்கும். மைனஸ் 20 டிகிரி அறைக்குள் குனிந்து சீவல்களைப் பெருக்கி எடுக்கும்போது இரண்டு கையுறை வேண்டும். ஆர்என்ஏ குழுவினர் தங்களுக்கு முன் வேறு யாரும் தொட்டிருக்கக் கூடாது என்பார்கள். திங்கட்கிழமை காலையை அவர்களுக்கு நிரந்தரமாக ஒதுக்கியதோடு அந்தச் சண்டை ஓய்ந்தது.

திசுவை மிச்சப்படுத்துவதில் எனக்கு மிகவும் பிடித்த கருவி, எங்கள் கூடத்திலேயே மிக எளியது. மின்சாரம்கூட வேண்டாம். திசு மைக்ரோ அர்ரே செய்யும் கைக்கருவி அது. 1986இல் ஹெக்டர் பட்டிஃபோரா என்ற நோய்க்கூறு மருத்துவர், பல கட்டிகளின் துண்டுகளைக் குச்சி குச்சியாக நறுக்கி, குடல்தோலில் சுற்றி ஒரே பிளாக்காக்கிக் காட்டினார். சிக்கனமான யோசனைதான், ஆனால் எந்தக் குச்சி எந்த நோயாளியுடையது என்று அடையாளம் காண்பது பெரும்பாடு. 1998இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒல்லி கல்லியோனிமியின் குழுவினர் அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் பிளாக்கிலிருந்தும் 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைத் துளைத்தெடுத்து, வெற்று மெழுகுப் பிளாக்கில் வரிசை எண், நிரல் எண் குறித்து நடுவது. ஒரே பிளாக்கில் ஆயிரம் உருளைகள்வரை நடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். நாற்று நடவுக்குக் கயிறு பிடிப்பதுபோல, இந்தக் கருவியில் இரண்டு நுண்ணளவுத் திருகுகள் ஊசியை நெடுக்கிலும் குறுக்கிலும் நகர்த்துகின்றன. மெல்லிய ஊசி குழி பறிக்கும். சற்றே பருத்த ஊசி நாற்றைக் கொண்டுவந்து இறக்கும். எங்கள் வழக்கப்படி நோயாளிக்கு மூன்று உருளைகள். 100 நோயாளிகளுக்கு 300. வேலை செய்பவர் இடையில் பேசக்கூடாது என்பது எங்கள் கூடத்தின் எழுதாத விதி, ஏனென்றால் ஒரு குழி தவறினால் அந்த வரிசையில் அதற்குப் பின்னால் வரும் எல்லா நோயாளிகளின் பெயரும் மாறிப்போகும். தலைகீழாகப் பிடித்துவிடாமல் இருக்க ஒரு மூலையில் மட்டும் கல்லீரல் திசு ஒன்றை நட்டு வைப்போம்; ஸ்லைடை எந்தப் பக்கம் திருப்பினாலும் கல்லீரலைப் பார்த்ததும் திசை தெரிந்துவிடும்.

இதன் பயன் இரண்டு வகையில் விளங்கும். ஸ்லைடுக்கு 150 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடிக் கரைசல் என்றால், 100 ஸ்லைடுகளுக்கு 15 மில்லிலிட்டர் போகும். அர்ரேயில் அதே 150 மைக்ரோலிட்டர் நூறு பேருக்கும் போதும். அதைவிட முக்கியமானது, நூறு பேருடைய திசுவும் ஒரே தொட்டியில், ஒரே நேரம், ஒரே கரைசலில் நிறமேறுவது. செவ்வாய்க்கிழமைக் கரைசலுக்கும் வெள்ளிக்கிழமைக் கரைசலுக்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளிகளுக்கிடையே உள்ள வித்தியாசம் என்று மயங்கும் ஆபத்து குறைகிறது. இந்த மயக்கம் சிறியதல்ல. பல மருத்துவமனைகளிலிருந்து ஸ்லைடுகளைத் திரட்டிய டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய்த் தொகுப்பின் படங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, கற்றுக்கொடுக்கப்பட்ட கணினி எந்த மருத்துவமனையிலிருந்து வந்த ஸ்லைடு என்பதைப் படத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறது என்று காட்டியது. கட்டியைப் படிக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது, கணினி ஆய்வகத்தின் கைப்பழக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அர்ரேயிலும் குறை உண்டு: 0.6 மில்லிமீட்டர் வட்டம் ஒரு பெரிய கட்டி முழுமைக்கும் சாட்சி சொல்லிவிடாது. கட்டியின் விளிம்பில் நோயெதிர்ப்புச் செல்கள் எப்படித் திரண்டிருக்கின்றன என்று கேட்பவர்களை நான் அர்ரே பக்கம் அனுப்புவதில்லை.

ஸ்லைடு ஸ்கேனரைப் பற்றிப் பெருமையாகப் பேச எல்லோருக்கும் பிடிக்கும், ஆகையால் நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 40 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு பிக்சல் ஏறத்தாழ கால் மைக்ரான். 15 மில்லிமீட்டர் சதுரத் திசு என்றால் பக்கத்துக்கு 60,000 பிக்சல்கள், மொத்தம் 360 கோடி. சுருக்கிச் சேமித்தாலும் வட்டுகள் நிரம்பிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்குமேல் யார் படத்தையும் வைத்திருக்க மாட்டோம் என்ற அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்கேனரைப் படுக்கவைத்தது ஒருமுறை மின்வெட்டோ மென்பொருளோ அல்ல, ஸ்லைடின்மேல் மெல்லிய மூடுகண்ணாடியை (கவர்ஸ்லிப்) ஒட்டும் டிபிஎக்ஸ் பசை காயாமல் இருந்ததுதான். அவசரம் என்று சொல்லி ஒரு மாணவர் அன்று காலையில் மூடிய ஸ்லைடுகளை மதியமே ஏற்றிவிட்டார். கவர்ஸ்லிப் ஓரத்தில் வழிந்த பசை ஸ்லைடைத் தட்டோடு ஒட்டிவிட, இழுக்கும் கை பாதி வழியில் நின்றுபோனது. வெளியூரிலிருந்து பொறியாளர் வந்து பிரித்துத் துடைக்கும்வரை பதினொரு நாள், ஆறு ஆய்வகங்கள் காத்துக்கிடந்தன. பகிர்ந்த கருவியில் ஒருவர் செய்யும் பிழைக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். இது பொதுக் கூடங்களுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை.

அந்தப் பொறியாளரை அழைத்ததிலும் ஒரு வயிற்றெரிச்சல். கருவி வாங்கப் பணம் கொடுத்த திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏஎம்சி என்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. புதுக் கருவி வந்தால் ரிப்பன் வெட்டப் பெரியவர்கள் வருவார்கள். பழைய கருவியின் விளக்கு மாற்றப் பணம் கேட்டால் கோப்பு மேசை மேசையாகப் போய்வரும். பயனாளர் கட்டணத்தில் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கட்டணத்தை ஏற்றினால் சிறிய கல்லூரிகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்கள்தான் முதலில் நின்றுபோவார்கள், யாருக்காக இந்தக் கூடம் திறக்கப்பட்டதோ அவர்கள்.

எவ்வளவு நல்ல கருவியும் திருத்த முடியாதது ஒன்று உண்டு. அது எங்கள் கதவுக்கு வெளியே, அறுவை அரங்கிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மார்பகத் திசுவைப் பத்து சதவீத நடுநிலை பார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊறவைக்க வேண்டும் என்பது ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. சனிக்கிழமை மாலை எடுத்த திசு, பொங்கல் விடுமுறை கழிந்து வியாழக்கிழமை பதப்படுத்தும் கருவிக்குள் போனால், அதற்குப்பின் எத்தனை கோடி ரூபாய்க் கருவியில் வைத்தாலும் நிறம் மங்கித்தான் விழும், டிஎன்ஏ துண்டு துண்டாகத்தான் வரும். விண்ணப்பப் படிவத்தில் 'பார்மலினில் இட்ட நேரம், எடுத்த நேரம்' என்ற இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம். முதல் ஆண்டில் பெரும்பாலும் காலியாகவே வந்தன. காலியாக வந்த படிவத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகு நிரம்பி வருகின்றன. நிரப்பியது உண்மையா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

ஒரே அமர்வில் வெட்டுவதற்கு எதிராக மின்னஞ்சல் எழுதியவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. வெட்டி வைத்த ஸ்லைடு மாதக்கணக்கில் கிடந்தால் சில புரதங்கள் ஆன்டிபாடிக்குப் பிடிபடாமல் போய்விடும். அவருடைய சோதனை இரண்டு மாதம் கழித்துத்தான். ஆகவே யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ என்று இருபது ஸ்லைடுகள் கூடுதலாக வெட்டி அடுக்குவதையும் நான் ஏற்பதில்லை. அவருடைய ஐந்தையும் உருக்கிய மெழுகில் ஒருமுறை முக்கி, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு பெட்டியில் மூடி, 4 டிகிரி குளிரில் வைப்பதாக ஒப்புக்கொண்டேன். சமாதானமானார்.

குறித்த நாள் காலை ஏழரைக்கே கூடத்தைத் திறந்தோம். வெயில் ஏறினால் எங்கள் ஏசியை நம்ப முடியாது, மெழுகு இளகினால் ரிப்பன் நசுங்கும். பிளாக்கை ஐஸ் தட்டில் முகம் குப்புறப் பத்து நிமிடம் வைத்து எடுத்தேன். மூன்று குழுக்களிலிருந்தும் ஒவ்வொருவர் வந்து நின்றார்கள். முதல் சரிபார்ப்பு ஸ்லைடு, அடுத்து ஐந்து, அடுத்து மூன்று, புதுப் பிளேடு மாற்றி எட்டுச் சுருள்கள், மறுபடியும் ஒரு சரிபார்ப்பு ஸ்லைடு. ஸ்லைடுகளின் ஓரத்தில் வெட்டிய வரிசைப்படியே பென்சிலால் எண் போட்டோம். பேனா மை, மெழுகை நீக்கப் பயன்படுத்தும் சைலீனில் கரைந்துவிடும். டிரிம்மிங்குக்கு நான் கணக்கில் வைத்திருந்த 80 மைக்ரான் தேவைப்படவில்லை. 56லேயே முழு முகம் வந்துவிட்டது. கடைசி ஸ்லைடை நிறமேற்றிப் பார்த்தபோது கட்டி அப்படியே இருந்தது. வெட்டிய முகத்தை உருகிய மெழுகால் பூசி மூடி, கேசட்டோடு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பும் உறையின்மேல் எழுதினேன்: 'ஆய்வுக்கு எடுத்தது 176 மைக்ரான். மீதம் ஏறத்தாழ 320. கடைசி ஸ்லைடில் கட்டி உள்ளது.'